இரண்டும் இட்லிப்பூதானா? இலைக்காம்பில் தொடங்கிய சந்தேகம்

தோட்டக்கிறுக்கு:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இரண்டு செடிகள் உண்டு. இரண்டையும் இட்லிப்பூ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டிலும் சிவப்புப் பூ, நான்கு இதழ், பந்து போன்ற கொத்து. நாலைந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, நானும் ஒரே செடியின் இரண்டு கன்று என்றே நினைத்துத் தண்ணீர் ஊற்றி வந்தேன்.

போன வாரம் கிளையை வெட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஒன்றில் இலைக்குக் காம்பே இல்லை, இலையின் அடி தண்டைக் கட்டிப்பிடித்தாற்போல இருக்கிறது. மற்றதில் தெளிவாகக் காம்பு இருக்கிறது. ஒரே இனத்தில் இப்படி வேறுபடுமா, இல்லை என்னிடம் இருப்பது இரண்டு வேறு செடிகளா? பூவைப் பார்த்து என்னால் பிரிக்க முடியவில்லை.

இலைநரம்பு:

பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. எந்த இலையைப் பார்த்தீர்கள்? பூங்கொத்துக்கு நேர் கீழே இருக்கும் ஜோடியைப் பார்த்திருந்தால் அது கணக்கில் வராது. இட்லிப்பூக்கள் சேர்ந்த இக்சோரா பேரினத்தில் பல சிற்றினங்களில் கொத்தைத் தாங்கும் அந்தக் கடைசி ஜோடி இலை மட்டும் சிறிதாக, காம்பில்லாமல், இதய வடிவ அடியோடு இருக்கும். கீழே உள்ள இலைகளுக்குக் காம்பு இருந்தாலும் இது இப்படித்தான். அதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

பூக்காத கிளை ஒன்றில் நடுவில் உள்ள இலையைப் பாருங்கள். அப்புறம் விரிந்த பூவில் இதழின் நுனி கூர்மையா, வட்டமா என்று பாருங்கள். முடிந்தால் இலையடிச்செதிலையும்.

தோட்டக்கிறுக்கு:

பார்த்துவிட்டேன். முதல் செடியில் பூக்காத கிளையிலும் காம்பு கிட்டத்தட்ட இல்லை. இலை தோல் மாதிரித் தடிப்பு, அடி வட்டமாக இருக்கிறது, சில இலைகளில் லேசாக இதயம் போல. இதழ் நுனி கூர்மை. இரண்டாவதில் காம்பு அரை சென்டிமீட்டர் இருக்கும், இலை நீளமாகி அடியில் ஒடுங்குகிறது, இதழ் நுனி நன்றாகவே வட்டம்.

இலையடிச்செதில் என்கிறீர்களே, இலைக்கு அடியில் ஒன்றையும் காணோமே? உதிர்ந்துவிட்டதா?

இலைநரம்பு:

உதிரவில்லை, நீங்கள் தேடிய இடம் வேறு. செம்பருத்தியில் தேடுகிற மாதிரி காம்பின் இரு பக்கத்திலும் தேடியிருப்பீர்கள். இந்தக் குடும்பத்தில் அது அங்கே இருக்காது.

கணுவை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிராக இரண்டு இலை. ஓர் இலையை உங்களைப் பார்த்தும் மற்றதை எதிர்ப்பக்கம் பார்த்தும் பிடித்தால், இடையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தண்டு வெறுமையாக இருக்கும் அல்லவா? அந்த வெறுமையில்தான் செதில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு முக்கோணம், அதன் உச்சியில் முள் போல நீண்ட ஒரு கூர். தொட்டால் குத்தாது, ஆனால் விறைப்பாக இருக்கும். ஓர் இலையின் செதிலும் எதிர் இலையின் செதிலும் நடுவில் ஒன்றாகி உண்டான அமைப்பு இது. அதனால்தான் இலைக்கு இரண்டு என்று நான்கு இல்லாமல், கணுவுக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது.

காபிச் செடியிலும் இதே இடத்தில் இதே முக்கோணம். நுணாவிலும் அப்படியே. ரூபியேசி குடும்பத்துக்கு, அதாவது காபிக் குடும்பத்துக்கு, இது கிட்டத்தட்ட அடையாள அட்டை. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட குடும்பம் அது. எதிரிலை, பல் இல்லாத விளிம்பு, காம்புகளுக்கு நடுவே செதில், பூவுக்குக் கீழே சூற்பை. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் பெயர் தெரியாத செடியைக்கூடத் துணிந்து இந்தக் குடும்பத்தில் போட்டுவிடலாம். விளிம்பில் ரம்பப் பல் இருந்தால் வேறு குடும்பத்தைத் தேடுங்கள்.

சரி, உங்கள் செடிகளுக்கு வருகிறேன். முதலாவது இக்சோரா காக்சினியா, நம் வெட்சி. லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் இயற்கை வாழிடம். இரண்டாவது இக்சோரா சைனென்சிஸ், தென் சீனாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வளர்வது. அல்லது அதன் இரத்தம் கலந்த கலப்பினம். தோட்டங்களில் இருக்கும் குட்டை ரகங்கள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மஞ்சள் ரகங்கள் பலவற்றின் வம்சாவளி கலந்து கிடப்பதால் இரண்டாவதை நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். முதலாவதில் சந்தேகம் இல்லை.

செம்மண்:

செதிலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லலாம். நுனிக்குருத்தில் இளசாக இருக்கும் செதிலைப் பிரித்து அதன் உட்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். விரல் மாதிரிக் குட்டிக் குட்டிச் சுரப்பிகள் தெரியும். அவை சுரக்கும் பிசுக்குதான் உள்ளே இருக்கும் இளந்தளிரைக் காயாமல் காக்கிறது. செதில் முதிர்ந்தபின் அந்தச் சுரப்பிகள் காய்ந்து வேலையை முடித்துக்கொள்ளும். மூடி மாதிரி இருக்கும் ஒன்றுக்கு இத்தனை வேலையா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

பழைய மாணவன்:

நல்ல இழை. நான் படித்த காலத்தில் இட்லிப்பூவின் மஞ்சரியை, அதாவது பூங்கொத்தின் அமைப்பை, காரிம்ப் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். கீழ்ப்பூக்களுக்கு நீளக் காம்பு, மேல்பூக்களுக்குக் குட்டைக் காம்பு, அதனால் எல்லாம் ஒரே மட்டத்தில் வந்து தட்டையாக நிற்கும். அதுதானே?

செம்மண்:

காரிம்பா? அம்பல் என்று நினைத்திருந்தேன். குடை மாதிரிதானே விரிகிறது.

இலைநரம்பு:

அம்பல் இல்லவே இல்லை. அம்பலில் எல்லாப் பூக்காம்பும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். வெட்சிக் கொத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள், கிளை பிரிந்து, அது மறுபடி பிரிந்து, கடைசியில்தான் பூ.

காரிம்ப் என்பது தோற்றத்துக்குச் சரி, கட்டுமானத்துக்குச் சரியில்லை. காரிம்ப் ரெசிமோஸ் வகை. அதில் வெளிப்பூ முதலில் மலரும், நடுப்பூ கடைசியில். வெட்சியில் கடைசிக் கிளைக்குப் போய்ப் பாருங்கள். மூன்று மூன்று மொட்டாக இருக்கும், நடு மொட்டுதான் முதலில் திறக்கும், பக்கத்தில் உள்ள இரண்டும் பின்னால் வரும். நடுவில் உள்ளது முந்தினால் அது சைமோஸ். ஆகவே இதைக் காரிம்ப் போலத் தட்டையாக நிற்கும் சைம் என்றுதான் தாவரவியலார் எழுதுகிறார்கள். நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

பழைய மாணவன்:

ஹா ஹா. இப்போதுதான் ஒரு கொத்தை முன்னால் வைத்துப் பார்த்தேன். மூன்று மூன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு கொத்தில் எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே பூ திறப்பது போலத் தெரிகிறதா? ஒவ்வொரு மூவரணியும் தன் கணக்கில் திறக்கிறது!

இலைநரம்பு:

அதேதான். ஐம்பது அறுபது பூ உள்ள கொத்து பல நாள் வாடாமல் நிற்பதாகத் தோன்றுவதும் இதனால்தான். தனிப்பூ அவ்வளவு நாள் நிற்பதில்லை, ஒன்று போக ஒன்று வந்து இடத்தை நிரப்புகிறது.

மழைக்குருவி:

இங்கே தாவரவியல் படிக்காதவள் நான் ஒருத்திதான் போல. ஒரு சாதாரணக் கேள்வி. பூவின் நடுவிலிருந்து ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் மகரந்தத்தாளா? அதன் நுனியைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டுகிறது.

செம்மண்:

ஆமாம், மகரந்தம் ஒட்டுகிறதென்றால் மகரந்தத்தாள்தான்.

இலைநரம்பு:

செம்மண் ஐயா, இந்த இடத்தில் உங்களையும் அந்தப் பூ ஏமாற்றிவிட்டது. என்னைக் கேட்டால் இந்தச் செடியில் மிக அழகான சங்கதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசி சூலகத்தண்டு. பெண் உறுப்பு. மகரந்தம் அதனுடையது இல்லை, அதன்மேல் பூசப்பட்டது.

நாளை மலரப்போகும் மொட்டு ஒன்றை எடுங்கள். குடையைச் சுருட்டியது போல நான்கு இதழும் ஒன்றன்மேல் ஒன்று திருகி மூடியிருக்கும். ஒவ்வோர் இதழும் ஒரு ஓரத்தால் பக்கத்து இதழை மூடி, மறு ஓரத்தால் இன்னொன்றுக்கு அடியில் போகும். இதைத் திருகு இதழமைவு என்பார்கள். அந்தக் கூர் மொட்டுக்குள் நான்கு மகரந்தப்பைகளும் சூலகத்தண்டின் நுனியைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும். மொட்டு மூடியிருக்கும்போதே அவை வெடித்து, மகரந்தத்தை அந்த நுனியின் வெளிப்பக்கத்தில் பூசிவிடும். பிறகு இதழ் விரியும். மகரந்தப்பைகள் இதழ்களின் இடைவெளி வழியாக வெளியே மடங்கிச் சாயும். அவற்றின் தாள் மிகக் குட்டை, குழலின் வாயில் ஒட்டியிருக்கும். சீக்கிரமே சுருங்கிக் காய்ந்து போகும். சூலகத்தண்டு மட்டும் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு நடுவில் நிமிர்ந்து நிற்கும்.

இந்த நேரத்தில் வரும் வண்ணத்துப்பூச்சி குழலுக்குள் உறிஞ்சுகுழலை விடும்போது அதன் முகம் ஊசியின் நுனியில் உரசும், மகரந்தம் ஒட்டும். அது போனபின், அப்புறம்தான், அந்த நுனி இரண்டாகப் பிளந்து பின்னால் சுருளும். பிளவின் உட்பக்கம்தான் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி. அதுவரை அது மூடியே இருந்ததால் தன் மகரந்தம் தன்மேல் விழுந்தும் பயனில்லை. முதலில் ஆணாக நடந்து, பிறகு பெண்ணாக மாறும் பூ. ஆண் முன்முதிர்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஆனால் மகரந்தத்தைத் தானே சுமக்காமல் பெண் உறுப்பின் முதுகில் ஏற்றி அனுப்பும் வேலை எல்லாச் செடிக்கும் தெரியாது. காபிக் குடும்பத்தில் இக்சோராவும் அதன் நெருங்கிய உறவினரும் இதில் கெட்டிக்காரர்கள்.

ஆகவே மழைக்குருவி, ஒரே கொத்தில் இரண்டு வகை ஊசிகளைத் தேடுங்கள். மூடிய குச்சி போல இருந்தால் ஆண் கட்டம். பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்திருந்தால் பெண் கட்டம்.

மழைக்குருவி:

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டும் இருக்கின்றன! இத்தனை நாள் பிளந்த ஊசியை ஏதோ பூச்சி கடித்தது என்று நினைத்திருந்தேன்.

சின்ன வயதில் அந்த ஊசியைப் பின்பக்கமாக உருவினால் ஒரு சொட்டுத் தேன் வரும், நக்கிப் பார்ப்போம். அந்தத் தேன் எங்கே சுரக்கிறது?

செம்மண்:

தவறை ஒப்புக்கொள்கிறேன். தேனுக்கு நான் பதில் சொல்லிப் பிராயச்சித்தம் தேடிக்கொள்கிறேன்.

குழலின் அடியில், சூற்பையின் தலைமேல் வளையம் மாதிரி ஒரு தேன்தட்டு உண்டு. சூலகத்தண்டு அந்த வளையத்தின் நடுவிலிருந்துதான் எழும்புகிறது. குழலோ மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம், ஊசி நுழையும் அகலம். எறும்போ குட்டைநாக்குத் தேனீயோ மேலிருந்து எட்ட முடியாது. நீங்கள் ஊசியைக் குழலின் அடிவழியாக உருவும்போது சூலகமுடியின் தடித்த நுனி, பம்பு உள்ளிருக்கும் தண்ணீரைத் தள்ளுவது மாதிரி, தேனைக் கீழே தள்ளிக்கொண்டு வருகிறது. பூ யாருக்காகச் செய்த குழல் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. நீள நாக்குள்ள வண்ணத்துப்பூச்சிகள்தான் அதன் விருந்தாளிகள். சிவப்பு நிறம், பகலில் பூத்து நிற்பது, பெரிய வாசனை இல்லாதது, கால் ஊன்றி நிற்கத் தட்டையான கொத்து, எல்லாம் அவற்றுக்கு ஏற்றபடிதான். சில பூச்சிகள் குழலின் அடியில் ஓட்டை போட்டுத் திருடுவதும் உண்டு. அந்தத் திருட்டில் மகரந்தம் நகராது.

வெள்ளை நிற இக்சோரா பின்லேசோனியானாவை முகர்ந்து பாருங்கள், நல்ல மணம் இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டது அது.

பழைய மாணவன்:

அப்படியானால் பாவட்டையும் இதே கூட்டம்தானா? வெள்ளைப் பூ, நான்கு இதழ், நீண்ட ஊசி. அதையும் காட்டு இட்லிப்பூ என்று யாரோ சொல்லக் கேட்டேன்.

இலைநரம்பு:

நெருங்கிய உறவு, ஆனால் வேறு பேரினம். பாவட்டையின் ஊசி குழலுக்கு வெளியே மிக நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், வெட்சியில் கொஞ்சமே எட்டிப் பார்க்கும். பாவட்டையின் ஊசி நுனி இரண்டாகப் பிளந்து சுருளாது, கதாயுதம் போலத் தடித்து நிற்கும். இலை மெல்லியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பாவட்டையின் பல இனங்களில் கரும்புள்ளிகள் தெரியும். நோய் என்று பயப்படாதீர்கள், இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள் அவை.

தோட்டக்கிறுக்கு:

என் கேள்வியை விட்டுவிட்டு நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்கள், ஆனால் நிறுத்த மனமில்லை. இரண்டு சந்தேகம். இரண்டாவது செடி, அந்தச் சீனத்து ஆள், சுவரோரம் நிற்கிறது. அதன் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. மாட்டெரு போட்டும் மாறவில்லை. அப்புறம், இத்தனை பூத்தும் அதில் ஒரு காய்கூடப் பார்த்ததில்லை.

செம்மண்:

இது என் பேட்டை. சிமெண்ட் பூசிய சுவரா? அப்படியென்றால் சுவர்தான் குற்றவாளி. அதிலிருந்து கரையும் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகும். இக்சோரா அமில மண்ணின் செடி, பி.எச். ஐந்து, ஐந்தரை என்றிருந்தால் குதிக்கும். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டிக்கொள்ளும். பழைய இலையில் உள்ள இரும்பைச் செடியால் புது இலைக்கு மாற்றவும் முடியாது, அதனால் பட்டினி முதலில் குருத்தில் தெரிகிறது. நீங்கள் எவ்வளவு எரு போட்டாலும் பூட்டு திறக்காது. கந்தகம் கலந்து மண்ணை மெல்ல அமிலமாக்கலாம், கார மண்ணிலும் வேரால் எடுக்க முடிகிற கீலேட் வடிவ இரும்பை ஊற்றலாம். செடி சிறிதாக இருந்தால் சுவரை விட்டு இடம் மாற்றுவதுதான் நிம்மதி.

அடியிலுள்ள முதிய இலைகளில் செம்பழுப்புத் திட்டு வந்தால் மட்டும் கதை வேறு. பாஸ்பரசும் பொட்டாசியமும் குறைந்திருக்கும். அவை நகரக்கூடியவை, அதனால் செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

வெட்டும் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பூ எப்போதும் கிளையின் நுனியில்தான். நுனி பூத்ததும் அந்தக் கிளையின் வளர்ச்சி முடிந்தது, கீழே உள்ள இலைக்கோண மொட்டுகள்தான் கிளம்ப வேண்டும். வேலி மாதிரி மாதம் ஒருமுறை மட்டமாக வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது.

இலைநரம்பு:

காய் பற்றி நான் சொல்கிறேன். தோட்டத்துச் செடிகள் பெரும்பாலும் குச்சி நட்டு வளர்த்தவை. தெரு முழுக்க நின்றாலும் எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். மகரந்தம் வேறு செடியிலிருந்து வர வேண்டும் என்று மேலே சொன்ன அத்தனை ஏற்பாட்டையும் செய்துகொண்ட பூவுக்கு இது பெரிய ஏமாற்றம். கலப்பினமாக இருந்தால் வித்துத்திறனே குறைந்திருக்கலாம். நீள நாக்குக்காரர்கள் வராத இடமாகவும் இருக்கலாம்.

உங்கள் முதல் செடியில், வெட்சியில், தேடிப் பாருங்கள். பூ உதிர்ந்த கொத்தைக் கிள்ளி எறியாமல் விடுங்கள். சூற்பை பூவுக்குக் கீழே இருப்பதால் காயின் தலையில் நான்கு பல் கொண்ட குட்டிக் கிரீடம் உதிராமல் நிற்கும், அது புல்லிவட்டத்தின் மிச்சம். உருண்டையான சதைக்கனி, பச்சையிலிருந்து சிவந்து பிறகு கருமை ஏறும். உள்ளே இரண்டு அறை, அறைக்கு ஒரு விதை. ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் தட்டையாகி உட்குழிந்திருக்கும், வெளிப்பக்கம் குவிந்திருக்கும். காபிக்கொட்டையைப் பார்த்தவர்களுக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை.

மழைக்குருவி:

என் கொத்தில் ஒரு பூவுக்கு ஐந்து இதழ்! ஊசி ஒன்றுதான், ஆனால் மகரந்தப்பையும் ஐந்து. இது இன்னொரு இனமா?

இலைநரம்பு:

இல்லை, எண்ணிக்கையில் ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். நான்குக்கு நடுவில் எப்போதாவது ஐந்து வரும். இதழ் கூடும்போது மகரந்தப்பையும் கூடவே கூடியிருப்பதை எண்ணிப் பார்த்தீர்களே, சபாஷ். இரண்டு வட்டமும் ஒரே கணக்கில் நடக்கின்றன.

தோட்டக்கிறுக்கு:

இன்று காலை நிலவரம். சுவரோரச் செடியைத் தோண்டி இரண்டடி தள்ளி நட்டாயிற்று, முதுகு வலிக்கிறது. வெட்சியில் பழைய கொத்துகளைக் கிளறினேன். நான் எப்போதும் காய்ந்தது என்று ஒடித்துப் போடும் கொத்து ஒன்றின் உள்பக்கம் பட்டாணியளவில் மூன்று காய், இரண்டு பச்சை, ஒன்று சிவக்கத் தொடங்கியிருக்கிறது. தலையில் நான்கு பல் இருக்கிறது, எண்ணிவிட்டேன். பழுத்ததும் உடைத்து விதையைப் படம் போடுகிறேன், அதுவரை இழையை மூடாதீர்கள்.